பஞ்சம் சாரும் என் மூன்றாவது குழந்தையும்

குழந்தை பிறந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போன மனிதர் இந்தப் பூமியிலேயே எங்கள் பஞ்சம் சார் ஒருவர்தான். வாசலில் செருப்பைக் கழற்றுவார். கொடுத்த சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வார். "சரி, வந்துட்டான். இவனுக்கு அரிசி எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே தராசுக்காரர். நெசவாளிக்குக் கொடுக்கும் நூலையும் நெய்து வரும் சேலையையும் நிறுத்துப் பார்ப்பார். ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார். உலகத்தையும் அதே கண்ணால் பார்த்ததுதான் வினை. பேப்பரில் ஜனத்தொகை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அதை வெட்டி எடுத்துத் தராசுக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிடுவார். ஒட்டச் சோற்றுப் பருக்கை கூடாது, வேலம்பிசின்தான். அரிசி வீணாகிவிடுமாம்.

தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவு விறைப்பாக நிற்க, அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். அதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "மனுசன் வாய்க்குப் போறத்த நூலுக்கு ஊத்திகினு கீறீங்களே, நாளைக்கு இன்னா பண்ணுவீங்க?" என்பார். ஒருநாள் புளியங்கொட்டையை வேகவைத்து அரைத்து, ஏமாந்த நெசவாளி ஒருவரின் பாவில் தடவ வைத்தார். வெயில் ஏறியதும் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாவு பலகையாகிவிட்டது.

நெசவாளி தட்டிப் பார்த்தார். "சார், இத்த நெய்ய முடியாது. கதவு வேணா பண்ணலாம்."

முதலாளி அவரைத் துரத்தாததற்கு ஒரே காரணம், அவர் மாதிரி நிறுக்க ஊரில் வேறு ஆள் இல்லை.

இப்படிப்பட்டவர் இருக்கும் தெருவில் என் மனைவி மூன்றாவது முறையாக உண்டானாள். அந்த வருஷம் ஆற்றில் வெறும் மணல். கிணற்றில் கயிறு எட்டவில்லை. ரேஷன் அரிசி இருபதாம் தேதியோடு சரி. எப்படி வளர்க்கப்போகிறோம் என்று நானே ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவர் வேறு வாய்விட்டுச் சொன்னால் தாங்கமாட்டேன் என்று, ஏழு மாதம் அவரிடம் மூச்சு விடவில்லை. எட்டாவது மாதமே குழந்தை பிறந்துவிட்டது. பெண். உள்ளங்கை இரண்டில் அடங்கினாள்.

விஷயம் தெரிந்து வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இம்மாஞ் சின்னதா கீது?"

"பால் குடிக்கமாட்டேங்குது சார்."

அரிசிப் பேச்சே எடுக்காமல் போய்விட்டார். மறுநாள் காலையில் கடைத் தராசை முதலாளிக்குத் தெரியாமல் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். தட்டில் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக் குழந்தையைக் கிடத்தினார். ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம். தினமும் கடை திறக்கும் முன் வந்து நிறுத்தார். மூன்றாம் நாள் முப்பது கிராம் குறைந்தது. சேலை குறைந்தால் தெருவைக் கூட்டும் மனிதர், தராசைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அப்புறம் அவர் செய்ததுதான் வேடிக்கை. துக்கம் விசாரித்த வீடுகளுக்கெல்லாம் போய்ப் பிள்ளை பெற்றவர்களிடம் யோசனை கேட்டார். அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவர் ஆறு பிள்ளை பெற்ற ஒரு அம்மா. அவர்தான் உடனே கிளம்பி வந்தார்.

"கடைசில ஆறு பெத்தவகிட்டதானே சார் வந்து நிக்கறீங்க?" என்றார்.

"தப்புதாம்மா. ஜல்தி சொல்லு" என்றார் இவர்.

அந்த அம்மா என் மனைவிக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, சங்கு மாதிரி இருக்கும் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டக் கற்றுக்கொடுத்தார். வாரக்கணக்கில் தெருவே பயந்துகொண்டு எங்கள் வாசலை எட்டிப் பார்த்தது. எடை ஒருநாள் ஏறும், மறுநாள் இறங்கும். ஒரு காலையில் ஒரேயடியாக ஐம்பது கிராம் கூடியிருந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று தடவை நிறுத்தார்.

பிறகு என் மனைவியைப் பார்த்து, "இன்னும் ஊத்தும்மா. எத்தினி வேணுமோ குடிக்கட்டும்" என்றார். அந்த நிமிஷம் அவரை அப்பா என்று கூப்பிடத் தோன்றியது. கூச்சத்தில் விட்டுவிட்டேன். கூப்பிட்டிருக்கலாம்.