இன்னொரு கரண்டி டீச்சர்

'இன்னொரு கரண்டி' டீச்சரிடம் சாப்பிட உட்கார்ந்து "போதும்" என்று சொல்லித் தப்பித்தவர் அம்பாசமுத்திரத்தில் ஒருவரும் இல்லை. கரண்ட் மீட்டர் பார்க்க அவர் வீட்டுக்கு வந்தவர், மறுநாள் வேலைக்கே போகவில்லை என்று கேள்வி.

டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறோம். போன கோடை விடுமுறையில் போலந்தில் நடந்த ஆங்கில முகாமுக்குத் தொண்டர்களாகப் போனோம். அங்கே பிள்ளைகள் கண் விழித்ததிலிருந்து ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். கூடவே இருந்து பேச வைக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

போய் இறங்கியதும் முகாம் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்கள் உச்சரிப்பு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சமையலறையில் உதவுங்களேன்." அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சூப் ஊற்றவா அத்தனை தூரம் பறந்து போனோம்?

டீச்சரோ கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார். "விடுட்டி. பிள்ளைய சாப்பிட வரத்தானே செய்யும்."

நம் ஊரில் முதல் "போதும்" மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவதையும் யாரும் நம்புவதில்லை. போலந்துப் பிள்ளைகள் "நோ, தேங்க் யூ" என்றால் நிஜமாகவே வேண்டாம் என்று அர்த்தம். டீச்சர் அதற்கும் ஊற்றினார்.

"டீச்சர், அதுவ நெசமாவே வேண்டாங்குதுவ!"

"கூச்சப்படுதுவட்டி. தாய் தகப்பன விட்டுட்டு வந்த பிள்ளைய."

வேறு வழியில்லாமல் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டைக்கு நின்றன. முதலில் "வயிறு நிறைந்துவிட்டது" என்றன. அப்புறம் "காலையிலேயே நிறையச் சாப்பிட்டேன், வேண்டுமானால் இவனைக் கேளுங்கள்" என்று சாட்சியோடு வந்தன. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்திலேயே மறுப்புச் சொல்லிவிட்டு ஊற்றினார். வகுப்பில் கொட்டாவி விட்ட பிள்ளைகள் சூப் வரிசையில் வக்கீல்களாக நின்றன.

இதற்குள் யாரோ ஒரு தாய், பிள்ளையைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைக்கிறார்கள் என்று புகார் செய்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைவர் வந்து, எல்லார் முன்னாலும் டீச்சரிடம், "நாளைக்கே உங்களை ஊருக்கு அனுப்புகிறேன்" என்றார். டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஒரு சிறுமி அப்போது வரிசையைவிட்டு வெளியே வந்தாள். கரண்டியை எடுத்து ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றித் தலைவரிடம் நீட்டினாள். அவர் "நோ, தேங்க் யூ" என்றார்.

"கொஞ்சமே கொஞ்சம் சார். ஒன்றும் ஆகாது சார். எனக்காக சார்!" பேசியது ஆங்கிலம், இழுப்பு மட்டும் அசல் அம்பாசமுத்திரம். மற்ற பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டு "எனக்காக சார்!" என்றன. மனிதர் இரண்டு கிண்ணம் குடித்த பிறகுதான் பிள்ளைகள் விட்டன.

டீச்சர் ஊருக்குப் போக வேண்டாம் என்று ஆயிற்று. ஆனால் வகுப்பறையை மட்டும் கடைசிவரை தரவில்லை. முடிவில் தந்த சான்றிதழில் எங்கள் இருவருக்கும் 'சமையல் உதவி' என்று போட்டிருந்தார்கள். நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

"அந்தத் தலைவன் மேல என்னட்டி கோவம்? சரியாவே சாப்பிட மாட்டேங்கான், பாவம்" என்றார் டீச்சர்.

போன வாரம் அவர் வீட்டில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. இரண்டாவது கரண்டியை ஊற்றப் போன டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். "இப்பல்லாம் போதும்னா நம்பிருதேன்ட்டி. அங்க போய்க் கத்துக்கிட்டது."

எனக்கு வயிற்றில் இடமே இல்லை. ஆனாலும் "போதும்" என்றால் நம்பிவிடுவாரே என்ற பயத்தில் தட்டை நீட்டினேன்.