சமையற்காரனின் மீசையைக் கழுவியவள்

"கம்பசில ஓட்டைப் பீங்கானுக்கும் விலை சொல்லப் படிப்பிக்கிறாங்களா புள்ள?" என்று மாமா கேட்டபோதே நான் வாயை மூடியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். அப்படிப்பட்டவள் ஒரு பீங்கான் பொம்மையைப் பற்றித் 'தெரியாது' என்று சொல்வாளா? (சொல்லவில்லை. அதுதான் வினை.)

பொம்மை மாமியுடையது. மாமி இளவயதில் மட்டக்களப்பு நகரில் ஒரு பங்களாவில் வேலை செய்தவர். அந்த வீட்டு எசமானியம்மா, மாமியின் பேச்சில் 'நோனா', வெளிநாடு போகும்போது கொடுத்தது. உள்ளங்கை உயரத்தில் ஒரு குண்டுச் சமையற்காரன்: வெள்ளைத் தொப்பி, முறுக்கு மீசை, சிவந்த கன்னம், கோணல் சிரிப்பு. தொப்பியில் மூன்று ஓட்டை. மாமி அவற்றில் ஊதுபத்தி குத்திச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

நான் அடியைத் திருப்பி முத்திரையைப் பார்த்துக் கைபேசியில் தேடினேன். அதே மீசை, அதே சிரிப்பு! விலையை ரூபாயாக மாற்றிப் பூச்சியங்களை இரண்டு தரம் எண்ணினேன். (அது யாரோ கேட்ட விலை, யாரும் கொடுத்த விலை அல்ல என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.) படத்தில் பக்கத்தில் இன்னொரு பொம்மையும் நின்றது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மாமி, இது பழைய காலத்து ஊதுபத்தித் தாங்கி. மழைக்கு முதல் உங்கட கூரைத் தகட்டை முழுக்க மாத்தலாம்."

"மெய்யாத்தான் சொல்றியா புள்ள?"

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒழுகும் கூரைக்கு மேல் போட வைத்திருந்த தறப்பாளை அடுத்த நாளே அயல் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றை அலங்கரிக்கப் பழைய சாமான் தேடும் கொழும்புப் பெண்மணி ஒருவர், நான் தொலைபேசியில் கேட்டபோது பார்க்க வருவதாகச் சொன்னார். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் முற்றத்து முருங்கையைக்கூடக் கழுவிவிடுவோம். பொம்மையோ புகையில் கறுத்திருந்தது. தேங்காய்த் தும்பும் சாம்பலும் எடுத்து, படித்தவளுக்குரிய கவனத்தோடு தேய்த்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. பிறகு கறுப்பாக. 'எவ்வளவு ஊத்தை!' என்று இன்னும் அழுத்தினேன். சூளையில் வெந்த பிறகு மேலே பூசிய சாயம் அது என்று எனக்கெப்படித் தெரியும்? தண்ணீர் தெளிந்தபோது என் கையில் தொப்பி போட்ட அவித்த முட்டை ஒன்று பளபளத்தது.

வந்தவர் அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு முகம் இருந்திச்சா?"

"இருந்தது மிஸ். நேற்றுவரை."

"இது உப்புத் தூவுறது. சோடியாத்தான் வரும். மற்றது மிளகுத்தூளுக்கு, பொம்பிளைப் பொம்மை. அது எங்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னார்: "அது என்னோட பங்களாவில வேலை செய்த கதிரவெளிப் பரமேஸ்வரியிட்ட. ரெண்டு பேரும் சண்டை பிடிக்கக் கூடாதெண்டு நோனா ஆளுக்கொண்டு தந்தவ."

"அதைக் கழுவாம இருந்தா சொல்லுங்க, வாங்கலாம்" என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் கிழமையே மழை பிடித்தது. அயல் வீட்டில் தறப்பாளைத் திருப்பிக் கேட்கப் போய் வெறுங்கையோடு வந்தவளும் நான்தான். மாமி ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். வாளிகளை மட்டும் ஒழுக்குக்கு ஒழுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் நான் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனால் மாமா குரல் கொடுப்பார்: "புள்ள, மெல்லத் தேய். மூக்குக் கழண்டிரும்!" வீடே சிரிக்கும். மாமியும் சிரிப்பார், அதுதான் தாங்க முடியாதது.

பரமேஸ்வரியம்மாவின் தொலைபேசி எண் மாமியிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. கம்பஸ் பிள்ளை பொம்மை பார்க்க வருகிறாள் என்று தெரிந்தால் அந்த மனுசியும் அதைக் கழுவி வைக்கத் தும்பைத் தேடுவார். அதனால் ஒருவருக்கும் மூச்சுவிடாமல் இன்று காலை கதிரவெளி பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில் ஓட்டமாவடியும் தாண்டியாயிற்று.