மல்லாந்த இரும்புக் கப்பல்

என்னை முதலில் ஏமாற்றியவன் நரி வேலாண்டி. பெயரைச் சொல்லிவிட்டேன். இனிக் கதை.

ஒரு காட்டில், ஆறு கடலில் விழும் இடத்தில், சிங்கராஜாவின் மூன்று தட்டு மரக்கப்பல் நின்றது. மறுகரை முதலைகள் இரும்புக் கப்பல் கட்டிவிட்டன என்று கேள்விப்பட்டதும் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. சீமையில் விக்டோரியா ராணி காலத்தில் மரக்கப்பலின் மேல்தட்டை அறுத்துவிட்டு, மிச்சத்துக்கு இரும்புத் தகடு போர்த்திப் போர்க்கப்பல் ஆக்கினார்களாம். அதேபோல் செய்ய நரியை அதிகாரியாகப் போட்டார்.

நரி என்னிடம் வந்தான். நான் ஆமை. படிப்பு கிடையாது. ஓடு மட்டும் பெரிது; உள்ளே இரண்டு முயல் உட்காரலாம்.

“அண்ணே, பீரங்கிக்கு மேலே கவிழ்க்க ஒரு கூண்டு வேணும். உங்க ஓடு மாதிரி வடிவம் எங்கேயும் இல்லை. ரெண்டு நாள் கொடுங்க, அளவு எடுத்துட்டுத் தந்துடறேன். நீங்கதான் கப்பலுக்கு ஆலோசகர்.”

என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. கழற்றிக் கொடுத்தேன். ஒரு நாற்காலி போட்டார்கள். ஓடில்லாத முதுகு அதில் அழகாகச் சாய்ந்தது.

மூன்றாம் நாள் பார்த்தால், அளவெடுக்க நேரமில்லை என்று என் ஓட்டையே கப்பல்மேல் வைத்து ஆணி அடித்திருந்தான்.

“என்ன வேலாண்டி இது?”

“போர் முடியட்டும் அண்ணே.”

இரும்பு ஏறியதும் கப்பல் அமுங்கியது. தண்ணீர் தட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பழைய பாய்மரங்கள் மட்டும் அப்படியே இருந்தன. நீராவி எந்திரம் வைத்தாயிற்றே, பாய்மரத்தை எடுத்துவிடலாம் என்றது யானை. குரங்குகள் மறியலில் உட்கார்ந்தன.

“பரம்பரையா அதுலதான் தொங்குறோம். இனி எதுல தொங்குறது, உன் தும்பிக்கையிலயா?”

ராஜா என் பக்கம் திரும்பினார். “ஆலோசகர் என்ன சொல்றீர்?”

மேலே இவ்வளவு பாரம் இருந்தால் சாய்ந்ததும் மல்லாந்துவிடும். மல்லாந்தால் தானாக எழ முடியாது. காட்டிலேயே அது எனக்குத்தான் தெரியும். நாலு முறை மல்லாந்து கிடந்திருக்கிறேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது? “பிரமாதம்” என்றேன்.

வெள்ளோட்டத்தன்று ஆடிக்காற்று ஒரே ஒருமுறை பாயில் அடித்தது. கப்பல் மெல்லத் திரும்பி வயிற்றை வானத்துக்குக் காட்டியது. பார்க்க என்னைப் போலவே இருந்தது. குரங்குகள் நீந்திக் கரையேறின. கப்பல் என் ஓட்டோடு முழுகியது. பிறகுதான் விசாரித்தார்கள்: மறுகரையில் கப்பலே இல்லை. முதலைக்கு எதற்குக் கப்பல்?

ஓட்டைக் கேட்டேன். நரி மனுக் கொடுக்கச் சொன்னான். மனுப் படிவத்தில் ஒரு வரி: ‘ஓடு தன்னுடையதுதான் என்பதற்கு அத்தாட்சியாக, ஓட்டுடன் நேரில் வரவும்.’

வெயிலில் வரிசையில் நின்றேன். பின்னால் நத்தை.

“அண்ணே, ஓடு எங்கே?”

“கப்பற்படையில இருக்கு. நீ எதுக்கு வந்தே?”

“அடுத்த கப்பலுக்கு ஓடு கொடுக்க. என்னை ஆலோசகராப் போட்டிருக்காங்க.”

கொடுக்காதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அந்த நாற்காலி எனக்கில்லையா?” என்று வந்துவிட்டது.

நீதி: மல்லாந்து விழுந்ததை வெளியே சொல்லாதே, நாற்காலி நிலைக்கும். ஓடு போனால் போகட்டும். இல்லை, போகக் கூடாது. வேலாண்டி தரணும்.