கடிக்காத குழந்தை

"மேடம், பாப்பா கடிச்சாத்தான் விளம்பர இடைவேளை விட முடியும்," என்றார் இயக்குநர்.

"என் பையன் யாரையும் கடிச்சதே இல்லை."

"உங்க பையன் கடிக்க வேண்டாம். எங்க சீரியல் பாப்பா கடிக்கட்டும்."

"போன வாரம் அவ கடிச்சா. மறுநாளே பூங்காவுல என் பையனைக் கண்டதும் பக்கத்து வீட்டம்மா தன் பிள்ளையை ஊஞ்சல்லேர்ந்து வாரித் தூக்கிட்டு ஓடுறாங்க. அவங்க ஓடினதைப் பார்த்து மத்தவங்களும் ஓடுறாங்க. என் பையன் யாரையும் கடிச்சதே இல்லை."

இதையே அவள் அன்று மூன்றாவது முறையாகச் சொன்னாள். ஒரு தடவை சொன்னால் ஏறுகிற காதா இதெல்லாம்?

ஆட்டிசம் உள்ள குழந்தையை ஒரு குடும்பம் வளர்க்கும் கதை என்று விளம்பரம் செய்து, ஒரு தொடரை மாலைதோறும் ஒளிபரப்பினார்கள். அவளும் மாலைதோறும் தொலைபேசியில் அழைத்துச் சண்டை போட்டாள். தாங்க முடியாமல் போய், தொலைக்காட்சிக்காரர்கள் அவளையே ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அதன் கயிறு முள்கம்பி மாதிரி அறுத்தது. மரியாதை செய்கிறவர்கள் உருப்படியான கயிற்றில் செய்யக் கூடாதா? கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பையனுக்கு ஊஞ்சல் திரும்பக் கிடைக்க வேண்டும்.

இயக்குநரிடம் பேசும்போதெல்லாம் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தே பேசினாள். முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது சிதறிவிடும். கோபத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

தொடரில் கடி போயிற்று. அதற்குப் பதில் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை வெறித்தது. பின்னணியில் வயலின் அழுதது.

மறுநாள் பூங்காவில் பக்கத்து வீட்டம்மா ஓடவில்லை. ஈரக் கண்ணோடு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படித்தான் தாங்குறீங்களோ!"

"எதை?" என்று அவள் கேட்டாள். நிஜமாகவே புரியவில்லை.

"ஊஞ்சல்ல எல்லாம் ஏத்தாதீங்கம்மா. பாவம், விழுந்துடப் போறான்."

அவள் மறுபடியும் படப்பிடிப்புக்குப் போய்க் குதித்தாள். "பாவம்னு யாரு சொல்லச் சொன்னது? அவன் ஜாலியா இருக்கான். நாள் பூரா சிரிக்கிறான், பாடுறான்!"

"புரிஞ்சுது மேடம். பாசிட்டிவா காட்டணும், அவ்வளவுதானே?" என்றார் இயக்குநர்.

அந்த வாரம் தொடரில் குழந்தை பெரிய பெரிய எண்களை மனதிலேயே பெருக்கி, அப்பாவின் கம்பெனியைத் திவாலிலிருந்து காப்பாற்றியது. பூங்காவில் அப்பாக்கள் கூட்டமாக வந்து பையனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தம்பி, பதினேழை நாற்பத்தெட்டால பெருக்கு பார்ப்போம்!"

"ஊஞ்சல்," என்றான் அவன்.

அதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று ஒருவர் தலையாட்டினார். பையன் அங்கேயே நின்றான். ஊஞ்சல் காலியாக ஆடியது.

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. இடைவேளைகளில் பாப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். குழந்தையாக நடிக்கிற சிறுமி.

"ஆன்ட்டி, இந்த கேரக்டர் எனக்குப் புரியவே மாட்டேங்குது. உங்க பையனைக் கூட்டிட்டு வாங்களேன், பார்க்கிறேன்."

"அவனுக்கு ஸ்கூல் இருக்கும்மா. இந்த இரைச்சல்ல அவன் வேற எதுக்கு? லைட்டெல்லாம் 'ங்ங்'னு கத்திட்டே இருக்கு."

"லைட்டா? எனக்குக் கேட்கலையே."

"உனக்குப் பழகிப்போச்சு."

சொல்லிக்கொண்டே எழுந்து போய், காட்சிக்காக மேசையில் வைத்திருந்த கோப்பைகளின் கைப்பிடிகளை ஒரே பக்கமாகத் திருப்பினாள். எந்த வீட்டில் இப்படித் தாறுமாறாக வைக்கிறார்கள்? கலை உதவியாளர் வந்து பழையபடி கலைத்தார். அவர் நகர்ந்ததும் மறுபடி திருப்பினாள்.

"மேடம், இதுக்கு முந்தின ஷாட்ல கோணலாத்தான் இருந்துச்சு!"

"அப்போ அதுவும் தப்பு."

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. இயக்குநரே உற்சாகமாக விளக்கினார். "அம்மா அழறாங்க. கண்ணீர் பாப்பா கன்னத்துல விழுது. பாப்பா கட்டிப் பிடிச்சுக்குது. குணமாயிடுது."

"எது குணமாகுது?"

"எல்லாமே."

"அப்போ நான் அழாததாலதான் என் பையன் இப்படி இருக்கான்னு நாளைக்கு ஊரே என்னைக் கேட்கும்!" கைப்பையின் வாரை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். பிறகு நேராகப் போய்க் கேமராவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதை எடுத்தா நான் எந்திரிக்க மாட்டேன்."

"அப்போ நீங்களே டைரக்ட் பண்ணிடுங்க மேடம்!"

"எனக்குக் கேமரா தெரியாதுங்க. சொல்லிக் கொடுத்தா கத்துக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இயக்குநர் வசனத் தாள்களைத் தூக்கி எறிந்தார். "பாப்பா, உறவுக்காரங்க எல்லாம் வீடு நிறைய வந்திருக்காங்க. உனக்கு என்ன தோணுதோ செய். எடுத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். கேமரா ஓடியது. உறவினர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாப்பா அழவில்லை, கடிக்கவில்லை, வெறிக்கவில்லை. சட்டை நாடாவை விரலில் சுற்றி அவிழ்த்தபடி நின்றாள். மேசைக்குப் போய்க் கோப்பைகளை ஒரே பக்கமாகத் திருப்பினாள். மாமாவாக நடித்தவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தியதும், அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே தெளிவாகச் சொன்னாள்: "எல்லாரும் ஒண்ணா பேசினா எனக்கு யாருமே கேட்கலை."

மேக்கப் போடும் பெண் கண்ணைத் துடைத்தாள். இயக்குநர் கட் சொல்ல மறந்து நின்றார்.

அந்தக் குழந்தை ஏன் கோப்பையைத் திருப்பியது, ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் திரையில் ஒருத்தி பொய் சொல்லவில்லை.

ஆனாலும் நியாயம் நியாயம்தானே. எழுந்து பாப்பாவிடம் போனாள்.

"நல்லாத்தான் பண்ணே. ஆனா இது என் பையன் இல்லை. அவன் கோப்பையை அடுக்க மாட்டான், போட்டு உடைப்பான். எல்லார் மூஞ்சியையும் கிட்டப் போய்ப் பார்ப்பான். நீ வேற எந்தக் குழந்தையையோ பார்த்துக் காப்பி அடிச்சிருக்கே. யாரு அது? மறைக்காம சொல்லு!"

பாப்பா விழித்தாள்.

"குழந்தை யாரையும் பார்க்கலையே ஆன்ட்டி. உங்களைத்தானே தினமும் பார்த்துட்டிருந்தேன்."