முதல் வால்வுக்குத் திரும்பிப் போகும் கம்பி

ஹடர்ஸ்ஃபீல்ட்,
மே 1954

கர்த்தருக்குள் அன்பான எனோக் அண்ணனுக்கு, தங்கை ஹெஸ்டர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அங்கே அண்ணியின் இருமல் தணிந்ததா?

நீங்கள் அனுப்பிய மின்சுற்றுப் படத்தைப் பார்த்து வால்வு ஆம்ப்ளிஃபயரை நானே முடித்துவிட்டேன். ஒவ்வொரு வால்வின் வோல்ட்டும் என் நோட்டில் இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் ஒரு துளியை முதல் வால்வுக்கே திருப்பி, உள்ளே வருவதற்கு எதிராக நிறுத்தினால் அது தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கம்பியை ஜெபித்துவிட்டுத்தான் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் அது போட்ட ஊளையில் பக்கத்து வீட்டு மிசஸ் ஓல்ட்ராய்ட் மாவுக் கையோடு ஓடிவந்து, "ஏன்டி, ரேஷன்காரனுக்குத் தெரியாம பன்னி அடிக்கிறியா? எனக்கு ஈரல் மட்டும் குடு, வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு நுனிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன், அண்ணா. எதிர்த்து நிற்க வேண்டியது கூடச் சேர்ந்து ஆமாம் போட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் ஊளைதான் மிஞ்சும் போலிருக்கிறது.

நுனிகளைச் சரிசெய்தேன். சத்தம் குறைந்தது, மூட்டம் விலகியது. வியாழக்கிழமை ஒத்திகையில் நாங்கள் பாடிப் பதிந்த டேப்பை ஓட்டினால், நம் சபைப் பாடகர் குழுவில் ஒரு குரல் சுருதிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போவது தெளிவாகக் கேட்கிறது. சனிக்கிழமை மற்றச் சபைகளோடு போட்டி. குழுவை நடத்துகிறவர் உங்கள் மாப்பிள்ளை, எல்லாரையும்விட உரக்கப் பாடுகிறவரும் இவர், வேறு யாராக இருக்க முடியும்? சொல்லாவிட்டால் தோற்போம். சொன்னால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். ஜாடையாக, "கொஞ்சம் கேளுங்களேன்" என்றேன். கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"முன்னாடி எவ்ளோ கம்பீரமா இருந்துச்சு. அந்தக் கம்பியப் பிடுங்கிப் போடு."

"பிடுங்கினா பொய்யில்ல சொல்லும்?"

"சொல்லட்டுமே. யாருக்கு நஷ்டம்?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தன் குற்றம் தன் காதில் விழாவிட்டால் மனிதன் எப்படித் திருந்துவான்? இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் அந்தக் கம்பியின் வேலையை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். அதனால் நீங்களே அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் சொல்லுக்கு மட்டும் அடங்குவார்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டார் எல்லாரோடும் இருப்பாராக.

அன்புத் தங்கை,
ஹெஸ்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் டேப்பை இன்னொரு முறை கேட்டேன். மூன்றாம் பாட்டில் ஒரு சரணம் பெண்கள் மட்டும் பாடுவது. அந்தக் குரல் அங்கேயும் இழுக்கிறது. அது மூச்செடுக்கும் இடத்தில் என்னுடைய செருமல். இவர் வந்ததும் கேட்டேன். "எனக்குத் தெரியாதா? அத மூடத்தான இத்தன வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்" என்றார். நீங்கள் எழுத வேண்டாம், அண்ணா. கம்பி இருக்கட்டும். சனிக்கிழமை போட்டி நடக்கும்போது நான் தேநீர் மேசையைப் பார்த்துக்கொள்கிறேன்.