எதிர்க்கடை மூடுபனி

"இதே பாலம்தான் வேணும். ஆனா பனியோட வேணும்" என்றாள் அந்தப் பெண்மணி, கையிலிருந்த படத்தை மேஜைமேல் திரும்ப வைத்தபடி.

"பனியா?"

"ஆமா, எதிர்க்கடையில இருக்கே. பாலம் பாதி தெரியுது, பாதி தெரியலை. என்ன அழகு தெரியுமா?"

"எங்க படத்துல முழுசாவே தெரியுதேம்மா!"

"அதான் குறை" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போனாள்.

கடைக்காரருக்கு அந்தத் தெருவில் பாலத்துக்காரர் என்று பெயர். ஊர் நடுவே ஆற்றைத் தாண்டும் பழைய இரும்புப் பாலத்தை அவர் வெயிலில் எடுப்பார், மழையில் எடுப்பார், குனிந்து எடுப்பார், மரத்தில் ஏறி எடுப்பார். எடுத்ததைப் பிரேம் போட்டு விற்பார். காபிக் கோப்பையில் அச்சடித்து விற்பார். சாவிக்கொத்திலும் தலையணை உறையிலும் பாலம்தான். மணிக்கூண்டு, ரயிலடி, கடைத்தெரு எல்லாமும் கடையில் உண்டு. ஆனால் அவையெல்லாம் தூரத்து உறவு. பாலம்தான் பெற்ற பிள்ளை.

அந்தப் பிள்ளைமேல் இன்னொருவன் கை வைத்துவிட்டான்.

எதிரே இருந்த சலவைக்கடை காலியாகி, அதே இடத்தில் ஒருவர் நகரப் படங்களும் பரிசுப் பொருள்களும் விற்க வந்து உட்கார்ந்திருந்தார். வெயிலோ நிழலோ, தலையிலிருந்து தொப்பியை எடுக்கமாட்டார். அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் எந்நேரமும் நாலு பேர் நின்றார்கள். பாலத்துக்காரர் அவர்களைப் பார்த்துப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் சொன்னார்: "நீ ஒரு எட்டு அந்தக் கடைக்குப் போய்ட்டு வா. என்ன இருக்கு, என்ன விலை, யார் யார் வர்றாங்க, பார்த்துட்டு மட்டும் வா."

"நீங்களே போங்களேன்?"

"நான் போனா பொறாமைன்னு நினைப்பான்."

"அப்ப இது என்னங்க?"

"இது வியாபார நுணுக்கம்."

மனைவி போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். கையில் காகிதம் சுற்றிய பெரிய பொட்டலம். பிரித்தால், பனிக்குள் மிதக்கும் பாலம்!

"வாங்கிட்டா வந்தே?"

"வாங்காம வந்தா சந்தேகப்படமாட்டாரா? அதுவும் நல்ல மனுஷனா இருக்கார். உட்காருங்கம்மான்னு நாற்காலி போட்டார்."

"நான் உனக்கு நாற்காலி போட்டதே இல்லையா?"

"நம்ம கடையில நாற்காலி மேலயும் பாலம்தானே அடுக்கி வச்சிருக்கீங்க!"

அன்றைக்கே அந்தப் படம் வீட்டு ஹாலில் ஏறிவிட்டது, அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே. வாயில் வைத்த ஒவ்வொரு கவளமும் பனிக்கட்டி மாதிரி இறங்கியது. போதாதற்கு மனைவி, "பார்க்கப் பார்க்கப் புதுசா ஏதோ தெரியுதுங்க" என்றாள்.

"பனிதானே? அதுல என்ன தெரியும்?"

"அதான் சொல்றேன்."

மனைவிக்கு மனசு இளகிவிட்டது, ஆம்பிளையை அனுப்பினால்தான் சரிப்படும் என்று மறுநாள் மச்சினனை அனுப்பினார். மச்சினன் மூன்று கோப்பைகளும் ஒரு தலையணையுமாகத் திரும்பினான்.

"என்ன மாப்ளே இது?"

"ஒண்ணு வாங்கலாம்னுதான் மாமா போனேன். அவர் பேச்சு அப்படி. அந்தப் பனிக்காக எத்தனை விடியக்காலை காத்திருந்தாராம் தெரியுமா? கேட்டா கண்ணுல தண்ணி வந்துடும்."

பாலத்துக்காரருக்கும் வந்தது, வேறு காரணத்துக்காக. அந்த நேரம் பார்த்து ஒரு தாடிக்காரர் கடைக்குள் வந்து, பாலத்தின் பெரிய படத்தைக் காட்டி, இதை எங்கே நின்று எடுத்தீர்கள், எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். பாலத்துக்காரர் எதிர்க்கடையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார், எடுக்காமலே அவர் வாங்கிய படத்தைக் காகிதத்தில் சுற்றினார். தாடிக்காரர் மேஜைமேல் வைத்த மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். தாடிக்காரர் அதைத் தேடித் தடவுவதற்குள், எதிர்க்கடையில் புதிதாக இரண்டு பேர் நுழைந்துவிட்டார்கள்.

"பனிதானே வேணும்? நானும் எடுக்கிறேன்" என்று கிளம்பினார் பாலத்துக்காரர்.

விடிந்தும் விடியாததுமாக ஆற்றங்கரைக்குப் போனார். வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மச்சினன் ஒரு யோசனை சொன்னான்.

"மாமா, படத்துல பார்க்கிறவனுக்குப் பனியும் ஒண்ணுதான், புகையும் ஒண்ணுதான்."

மறுநாள் காலை ஒரு தகர டப்பாவில் ஈர வைக்கோலையும் நனைந்த அட்டைப்பெட்டிகளையும் அடைத்து, பாலத்துக்கு அடியில் வைத்து மச்சினன் பற்றவைத்தான். முதலில் மெல்லிசாக ஒரு கோடு எழும்பியது. "இன்னும் கொஞ்சம்" என்றார் பாலத்துக்காரர், பாலத்தின் மேலே கேமராவோடு நின்றபடி. மச்சினன் மிச்ச அட்டை எல்லாவற்றையும் உள்ளே திணித்தான். கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி, பாலத்தை விழுங்கி, பாலத்துக்காரரையும் விழுங்கியது. அவர் இருமிக்கொண்டு கேமரா எந்தப் பக்கம் என்று தேடும்போதே மணி அடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்துவிட்டது.

பாலத்துக்காரர் ஓடினார். ஒரு செருப்பு முன்னால் போயிற்று, ஒன்று பின்னால் நின்றது. நடுவில் அவர்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். தண்ணீர் கறுப்பாக ஓடியது. "யாரும் பார்க்கலை மாமா" என்று மச்சினன் தைரியம் சொன்னான்.

ஒரு வாரம் கழித்துக் கடையைத் திறக்க வந்தவர், சாவியைப் பூட்டில் நுழைத்த கையோடு நின்றுவிட்டார். எதிர்க்கடை ஜன்னல் முழுக்க ஒரே ஒரு படம். சாம்பல் நிறப் புகை, நடுவே இரும்புப் பாலம், அதன்மேல் கைகால் நாலு திசையும் பறக்க ஓடிவரும் ஒரு மனிதர். காற்றில் ஒரு செருப்பு. கீழே அழகான எழுத்தில்: ‘விடியலைத் துரத்துபவன்.’

பனி எடுக்க வந்த தொப்பிக்காரர் அன்று அக்கரையில் நின்றிருக்கிறார்!

ஜன்னல்முன் நின்ற ஒருவர் தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பார்த்தியா? வாழ்க்கையில முன்னேறணும்னா இப்படி ஓடணும்."

முகம் புகையில் பாதி மறைந்திருந்தது. ஆனால் மனைவி பார்த்தவுடன், "ஏங்க, இந்தக் கோடுபோட்ட சட்டைக்குத்தானே நான் பொத்தான் தச்சேன்?" என்றாள்.

"மெதுவா பேசு!"

அவர் கடைக்குள் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார். பாலம் என்னுடையது. புகை என்னுடையது. ஓட்டமும் என்னுடையது. பெயர் மட்டும் அவனுக்கு! எழுந்து போய் ‘அது நான்தான்’ என்று சொல்லவும் முடியாது. சொன்னால் தீயணைப்புக்காரர்கள் வந்து வைக்கோலைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஒரே வழிதான் தெரிந்தது. "மாப்ளே, அந்தப் படம் ஒண்ணுகூட வெளியே போகக்கூடாது. இருக்கிறதை எல்லாம் வாங்கிட்டு வந்துடு."

மச்சினன் தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கினான். அடுத்த நாள் எதிர்க்கடை வாசலில் பலகை தொங்கியது: ‘விற்றுத் தீர்ந்தது. மறு அச்சு விரைவில்!’ மறு அச்சு இன்னும் பெரிதாக வந்தது. அதையும் வாங்கினார்கள். அடுத்து ஓடும் மனிதர் கோப்பையில் ஏறினார். நாட்காட்டியில் ஏறினார். குடையில் ஏறினார், விரித்தால் ஓடினார், மடக்கினால் உட்கார்ந்தார். எல்லாம் பாலத்துக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

கட்டிலடியில் இடம் தீர்ந்தபோது, மிச்சத்தைச் சுவரிலாவது மாட்டலாம் என்று மனைவி பிரேம்காரரை வரவழைத்தாள். அந்த வட்டாரத்தில் பிரேம் போடுவதும் வீட்டுக்கு வந்து ஆணி அடிப்பதும் அவர் ஒருவர்தான். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்க அவனுக்கும் பிரேம் போடுறீங்களா?" என்றார் பாலத்துக்காரர் கசப்பாக.

"படம் யாரோடதா இருந்தா என்னங்க, எனக்கு மூலை நாலுதானே!" என்றார் பிரேம்காரர். "உங்க பாலத்துக்கும் இப்ப நிறைய பிரேம் கேட்கிறீங்களே, நல்லா போகுது போல?"

"போகுது, போகுது. யாரோ பாவம் பார்த்து வாங்கறாங்க. அங்க மாதிரி ஆசையாவா வாங்கறாங்க?"

அடித்த ஆணிகளில் எட்டுத் திசையிலும் பாலத்துக்காரரே ஓடினார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி, இருட்டில் அத்தனை கணவர்களைப் பார்த்து அலறிவிட்டாள். காலையில் தீர்மானமாகச் சொன்னாள்: "ஒண்ணு அந்தாளு இருக்கணும், இல்லை நான் இருக்கணும்."

"எந்தாளு? தொப்பிக்காரனா?"

"சுவத்துல ஓடுறாரே, அவரு!"

பாலத்துக்காரர் அன்று முழுக்க யோசித்தார். எதிரே தொப்பிக்காரர் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கும்போதும் இந்தப் பக்கமே பார்த்தார். ஜெயித்தவன் பார்வை அப்படித்தான் இருக்கும் என்று பாலத்துக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. திறமை இருக்கிறவன் பிழைத்துப் போகட்டும். நான் மரத்தில் ஏறி எடுத்ததை ஊர் பார்க்கவில்லை, பயந்து ஓடியதை ஊரே வாய் பிளந்து பார்க்கிறது. அப்படியென்றால் எனக்கு இந்தத் தொழில் எதற்கு?

மறுநாள் காலை புது பிரேம்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த பிரேம்காரரை வாசலிலேயே நிறுத்தினார்.

"இனிமே பிரேம் வேண்டாங்க. கடையை மூடப்போறேன். அவன் ஜெயிச்சுட்டான், நல்லா இருக்கட்டும்."

பிரேம்காரர் கட்டைக் கீழே போட்டுவிட்டு, வாசற்படியிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"நீங்களுமா? இப்பதான் தொப்பிக்காரரும் இதையே சொல்லிட்டு அழுதாரு. உங்க பாலத்தை மாட்ட அவர் வீட்ல சுவர் இல்லை, அவர் படத்தை மாட்ட உங்க வீட்ல இடம் இல்லை. நீங்க ரெண்டு பேரும் கடையை மூடிட்டா, இந்த ஊர்ல படம் வாங்க வேற யாருங்க இருக்கா?"