நெளிந்த கோடுகள்

கோடு மறுபடியும் நெளிந்திருந்தது.

அவன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தான். புரதம் பூசிய கண்ணாடியில், தலைமுடியைவிட மெல்லிய கோடுகளை லேசரால் கிழிக்க வேண்டும். நடுவே மிஞ்சும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நரம்பு செல்கள் வரிசையாக வளரும். கோடு கோணினால் அவையும் கோணும்.

புரதம் பூசுவது அவன் மனைவியின் வேலையாக இருந்தது. ஐந்து வருடம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடும்போதெல்லாம் அவள் கை அவன் முழங்காலில் இருக்கும். யார் வந்தாலும் எடுக்கமாட்டாள். அவனுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அவள் இறந்து எட்டு மாதம். அவள் பூசி வைத்ததில் இன்னும் இரண்டு கண்ணாடிகள்தான் பாக்கி.

"ஏதோ அதிருது," என்றார் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன். "ஏசியா இருக்கும்."

ஏசியை அணைத்தார்கள். அறை கொதித்தது. கோடு முன்னைவிட நெளிந்தது.

"அப்போ லிஃப்ட்தான்."

"நிறுத்த முடியுமாண்ணே?"

"இருபது நிமிஷம்தானே. யாரு கேட்கப்போறா?"

துறைத் தலைவர் கேட்டார். லிஃப்டுக்குள்ளிருந்து, கதவைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

பாதியில் நிறுத்தினால் கடைசிக் கண்ணாடியும் வீண். அவன் ஸ்டூலை விட்டு எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு லேசர் முடியும்வரை இருந்தான்.

தலைவர் சட்டை நனைந்து வந்தார். "நான் உள்ள மாட்டிக்கிட்டுக் கத்துறேன், உனக்குக் கோடு பெருசாப் போச்சு, இல்ல?"

"கடைசிக் கண்ணாடி சார்."

"காட்டு."

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் பையன் ரெண்டு வயசுல சுவத்துல கிறுக்கினது இதைவிட நேரா இருந்துச்சுப்பா. எட்டு மாசம் பொறுத்தாச்சு. திங்கட்கிழமை மெஷினைப் பக்கத்து டிபார்ட்மென்ட் எடுத்துக்கட்டும்."

படியிறங்கிப் போனார். எலக்ட்ரீஷியன் எப்போது காணாமல் போனார் என்று தெரியவில்லை.

தரை துடைக்கும் அம்மா வாளியை மெஷின் மேசையை ஒட்டி வைத்தாள்.

"தம்பி, மேசைக் கம்பியில கால வெச்சு ஆட்டாதீங்க. வாளித் தண்ணியே தளும்புது."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அது ஆடிக்கொண்டிருந்தது.

"முன்னெல்லாம் ஆடாதும்மா."

"ஆடாமயா? பின்ன அந்தப் பொண்ணு உங்க முட்டியை விடாம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது எதுக்குன்னு நெனச்சீங்க?"